தனி அடுப்பு

அடுத்தவர் வீட்டு அடுப்படியை எட்டிப் பார்ப்பதற்கு அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது. வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், வேலை சிதம்பரத்தில். புது ரேஷன் கார்டு கேட்டு யாராவது மனுப் போட்டால், அவர்கள் வீட்டுக்குப் போய் உண்மையிலேயே தனிக் குடும்பம்தானா என்று பார்த்து எழுத வேண்டும். அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் இருக்கலாம், ஒரே வாசலில் நுழையலாம், ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கலாம். அதெல்லாம் அரசாங்கத்துக்குக் கவலையில்லை. சமையல் மட்டும் தனியாக நடக்க வேண்டும். அடுப்பு தனி என்றால் கார்டு தனி. ஆண்கள் போனால் கூடத்தில் உட்கார வைத்துக் காபி கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள் என்று இந்த வேலை என் தலையில் விழுந்தது.

கார்டுக்கு ஒரு டிவி இலவசம் என்று அறிவித்த பிறகு, ஊரில் ஒற்றுமையாக இருந்த குடும்பமெல்லாம் மளமளவென்று உடைய ஆரம்பித்தது. அதுவரை தாங்கு தாங்கென்று தாங்கிய மாமியாரை மருமகள் என் எதிரே வாய்க்கு வந்தபடி ஏசுவாள். மாமியாரும் சளைக்காமல் தலையில் அடித்துக்கொள்வார். நான் தெருமுனை திரும்புவதற்குள் இருவரும் சேர்ந்து வெங்காயம் உரிக்க உட்கார்ந்திருப்பார்கள். ஒருமுறை குடையை மறந்துவிட்டுத் திரும்பிப் போனபோது அதைக் கண்ணாலேயே பார்த்தேன்.

நான் பிறவிச் சந்தேகக்காரி. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் ஷிப்ட் முடிந்து வரும் என் வீட்டுக்காரர் "பசி இல்ல" என்றால், எங்கே சாப்பிட்டார், யாரோடு சாப்பிட்டார் என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது. "நீ போலீஸ்ல சேர வேண்டியவ, தப்பி அரிசிக்கு வந்துட்ட" என்பார். இந்தக் குணம் வீட்டில் தொல்லை, வேலையில் வசதி. பொய் அடுப்பை வாசலிலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன். மேலே சுவர் வெள்ளையாக இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கு இருக்காது. கடுகு டப்பாவைத் திறந்தால் விளிம்பு வரை நிரம்பியிருக்கும். நாளும் சமைக்கிற வீட்டில் எந்த டப்பாவும் விளிம்பு வரை நிரம்பியிருக்காது. "நேத்துதான் வாங்குனோம் மேடம்" என்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே "நேத்துதான் தனியா போனீங்களா?" என்பேன்.

அப்படி இருந்தபோதுதான் சிதம்பரத்தில் ஒரு பெண்ணின் மனு வந்தது. கீழவீதிப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறவள். ஒரே மகள், தொடக்கப்பள்ளியில் படிக்கிறாள். புருஷன் துபாய்க்குப் போனவன், போன் வருவதே நின்றுவிட்டது. அவள் பெயரும் மகள் பெயரும் மாமியார் கார்டில் இருந்தன. அந்த இரண்டு பெயரையும் எடுத்துத் தனிக் கார்டு கொடுங்கள் என்று கேட்டிருந்தாள். படித்ததும் எனக்கு வந்த முதல் நினைப்பு, டிவி.

போனேன். மாமியார் வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். என்னைக் கண்டால் முகம் மாறுகிற வீடுகள்தான் எனக்குப் பழக்கம். இப்படி வரவேற்றால் என் சந்தேகம் இன்னும் கூடும். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மின்விசிறியைப் போட்டார். "எம்மா, தனிச் சமையலா? யாரு சொன்னா? ஒரே வூடு, ஒரே ஒல. அதுல என்னா ரெண்டு?" என்றார். அடுப்படிக்கு அழைத்துப் போய்ப் பெரிய சோற்றுப் பானையைக் காட்டினார். அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த தட்டுகளைத் தொட்டுத் தொட்டு, இது எங்க வூட்டுக்காரரோடது, இது பேத்தியோடது, இது மருமவளோடது என்றார். "அவ வைக்கிற கொழம்பு ருசி எனக்கே வராதும்மா. பொண்ணு மாரி வச்சிருக்கேன்."

எனக்குக் குழப்பமாகப் போய்விட்டது. பிரிந்ததாக நடிக்கிறவர்களைப் பிடிக்க எனக்கு ஆயிரம் வழி தெரியும். சேர்ந்திருப்பதாக ஒரு வீடு நடித்தால் எதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நடிக்கத்தான் என்ன காரணம் என்று யோசித்தேன். காரணம் இருந்தது. இரண்டு பெயர் போனால் அந்தக் கார்டுக்கு அரிசி குறையும், சர்க்கரை குறையும்.

மருமகள் பின்பக்கத்து அறையில் இருந்தாள். ஒரு டிரங்குப் பெட்டி, பாய், குடம், ஆணியில் பள்ளிக்கூடப் பை, சுவரில் சின்ன மாதா படம். வாசலில் ஓர் ஆணின் செருப்பு. புருஷன் துபாயில் என்கிறாள், செருப்பு இங்கே இருக்கிறதே என்று உடனே கேட்டேன்.

"அவரோடதுதான் மேடம். ஆம்பள இருக்குற மாதிரி தெரியட்டும்னு வச்சிருக்கேன்" என்றாள்.

செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஒட்டடை. இதில் பொய் இல்லை. ஆனால் அறையில் அடுப்பும் இல்லை. மண்ணெண்ணெய் வாசனை இல்லை, கரி பிடித்த ஒரு பாத்திரம்கூட இல்லை.

"அடுப்பு எங்கம்மா?"

"இல்ல மேடம்."

"அப்புறம் எப்படித் தனிச் சமையல்னு எழுதியிருக்க?"

"அவுங்க கூட சாப்புடல மேடம். அதத்தான் எழுதுனேன்."

காலையிலும் ராத்திரியிலும் தெருவில் இட்லி விற்கும் அம்மாவிடம் வாங்குவதாகச் சொன்னாள். மகளுக்கு மத்தியானம் பள்ளிக்கூடத்துச் சத்துணவு. தனக்கு மத்தியானம் டீ. பள்ளிக்கூடம் லீவு என்றால் மகளுக்கும் இட்லிதான். "லீவு நாள் வந்தா பயமா இருக்கு மேடம்" என்றாள். அவள் கடலூர் பழைய டவுனில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். இந்த வீட்டுப் பையனை விரும்பிக் கட்டிக்கொண்டதில் அங்கே கதவைச் சாத்திவிட்டார்கள். இங்கே பின்பக்க அறையைத் திறந்துவிட்டதோடு சரி.

கேட்கப் பரிதாபமாகத்தான் இருந்தது. பரிதாபக் கதை சொல்லாத மனுதாரர் யார்? நான் நம்பவில்லை. வாய் சொல்வதை விட்டுவிட்டுக் கை சொல்வதைப் பார்ப்போம் என்று முன்கட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். எந்த வீட்டிலும் பச்சைத் தண்ணீர் குடிக்காத நான், "கொஞ்சம் மோர் கெடைக்குமா? உப்புப் போட்டு. உங்க மருமகளையே கலக்கச் சொல்லுங்க" என்றேன். தினம் சமைக்கிறவள் என்றால் உப்பு ஜாடிக்குக் கை தானாகப் போகும். தெரியாதவள் தடவுவாள். அப்படித் தடவினாலும் அது எனக்காக நடிப்பதாக இருக்கலாம் என்று அதற்கும் தயாராக இருந்தேன்.

மாமியார் "அதுக்கென்னா" என்று சிரித்தார். மருமகள் வந்தாள். தயங்கி நின்று, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடுப்படி நிலைப்படியைத் தாண்டி ஒரு காலை உள்ளே வைத்தாள்.

"ஏய், உள்ள எதுக்குடி கால வைக்கிற!"

மாமியாரின் வாயிலிருந்துதான் வந்தது. நான் அங்கே இருப்பதே அந்த நொடியில் அவருக்கு மறந்துவிட்டது. வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், யோசிக்காமல் சொல்லிவிட்டது. மருமகளும் வருஷக்கணக்காகக் கேட்டுப் பழகியவள்தான், சட்டென்று காலை வெளியே எடுத்துக்கொண்டாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை.

"இல்ல, கால் கழுவாம வந்துட்டாளேன்னு..." என்று மாமியார் இழுத்தார். நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். மோர் வரவில்லை.

உண்மை தெரிந்துவிட்டது. எழுத வழியில்லை. எங்கள் படிவத்தில் கூட்டுச் சமையல் என்று ஒன்று, தனிச் சமையல் என்று ஒன்று. சமையலே இல்லை என்று ஒன்று இல்லை. அடுப்பு இல்லாதவளுக்குக் கார்டு கிடையாது. கார்டு இல்லாதவளுக்கு ரேஷன் மண்ணெண்ணெய் கிடையாது, அரிசி கிடையாது. அப்புறம் அவள் எதை வைத்து அடுப்பு மூட்டுவாள்? இந்தக் கேள்வியைக் கேட்க அலுவலகத்தில் ஆள் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம்கூடப் பேசவில்லை.

எங்கள் வீட்டில் கேஸ் வந்த பிறகு பரணில் போட்ட ஒரு திரி அடுப்பு கிடந்தது. அதை இறக்கித் துடைத்து, புதுத் திரி போட்டு, ஒயர் கூடையில் வைத்து மறுநாள் சிதம்பரம் பஸ்ஸில் ஏறினேன். "மண்ணெண்ணெய் இருக்குதா?" என்று கண்டக்டர் கூடைக்குள் மூக்கை விட்டு முகர்ந்தார். எத்தனையோ வீட்டில் நான் முகர்ந்ததற்குப் பதில் என்று பொறுத்துக்கொண்டேன். செம்மங்குப்பம் வந்ததும் வழக்கம்போல எல்லோரும் ஜன்னலை இறக்கினார்கள். அங்கிருக்கும் கெமிக்கல் ஆலைகளின் நாற்றத்தில் என் கூடையை எல்லோரும் மறந்துபோனார்கள்.

ஜெராக்ஸ் கடை வாசலில் அடுப்பைக் கொடுத்தபோது அந்தப் பெண் வாங்கத் தயங்கினாள். அவளுக்கும் என்மேல் சந்தேகம். அதிகாரி வீட்டிலிருந்து வரும் எதற்கும் பின்னால் ஒரு கேள்வி இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. "எனக்கு ஒண்ணும் வேணாம். நாளைக்கு ஸ்கூல் லீவுதானே, கொழந்தைக்கு ஆக்கிப் போடு" என்றேன். அன்று சாயங்காலமே தனி அடுப்பு உள்ளது, கார்டு வழங்கலாம் என்று எழுதி வைத்துவிட்டேன்.

எங்கள் அதிகாரி புதிதாக மாற்றலாகி வந்தவர். நான் சந்தேகக்காரி என்றால் அவர் எனக்கு அண்ணன். காலையில் என் அறிக்கையைக் கையில் எடுத்தவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"பத்து மனு வந்தா ஒம்பதைத் தள்ளுறீங்க. இதுக்கு மட்டும் ஒரே நாள்ல எழுதியிருக்கீங்களே?"

"பார்த்தேன் சார், எழுதுனேன்."

"அப்ப நானும் பார்த்துடுறேன். வாங்க, இப்பவே போலாம்."

நான் காசு வாங்கியிருப்பேன் என்று நினைக்கிறார் என்பது புரிந்தது. ஜீப்பில் வழியெல்லாம் அதே யோசனைதான். என் வேலை போனால்கூட வேறு பிழைப்பு பார்த்துக்கொள்ளலாம். அவள் மனு இப்போது தள்ளுபடியானால், பொய் சொன்னவள் என்று எழுதி வைப்பார்கள். அப்புறம் அந்தப் பெயருக்கு யாரும் கார்டு தரமாட்டார்கள்.

எங்கள் ஜீப்பைக் கண்டதும் முன்கட்டில் மாமியார் கதவைச் சாத்திக்கொண்டார். மருமகள் இன்னும் கடைக்குக் கிளம்பியிருக்கவில்லை. பின்பக்க அறையில் அடுப்பு இருந்தது, பக்கத்தில் வெளியே கூடுதல் விலைக்கு வாங்கிய ஒரு பாட்டில் மண்ணெண்ணெய், ஒரு புது அலுமினியப் பாத்திரம், தாள் பொட்டலத்தில் அரிசி. அதிகாரி குனிந்து சுவரைப் பார்த்தார். வெள்ளைச் சுவர். பாத்திரத்தின் அடியைத் திருப்பிப் பார்த்தார். பளபளவென்று இருந்தது. நானாக இருந்தாலும் அதையேதான் பார்த்திருப்பேன்.

"அடுப்பு இருந்தா போதாதும்மா. எரியணும். பத்த வை, பார்க்கலாம்" என்றார்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றினாள், திரியைத் தூண்டினாள், நெருப்பு வைத்தாள். உலை வைத்து அரிசியைக் களைந்து போட்டாள். வெளியே விளையாடிக்கொண்டிருந்த மகள், சத்தம் கேட்டோ வாசனை பிடித்தோ, ஓடி வந்தாள். அடுப்பைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து சத்துணவுத் தட்டை எடுத்துக்கொண்டு வந்து அடுப்புக்கு நேரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எம்மா, இன்னைக்கு நம்ம வூட்லயே சோறா?"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அதிகாரி மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"தனிச் சமையல்னு எழுதியிருக்கீங்களே. எத்தனை நாளா?"

பொய் ஒன்று வாய் வரை வந்தது. குழந்தை தட்டோடு உட்கார்ந்திருக்கும்போது அதைச் சொல்ல முடியவில்லை.

"இன்னையிலேர்ந்து சார்" என்றேன்.

அவர் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். வாசற்படியில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார். எதற்கு உட்காருகிறார், மாமியாரை அழைத்து விசாரிக்கப் போகிறாரா, என் விளக்கத்தை எழுதி வாங்கப் போகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. டிரைவர் வந்து எட்டிப் பார்த்து "போலாமா சார்?" என்றார். கையை ஆட்டி அனுப்பிவிட்டார்.

சோறு பொங்கியது. வடித்தாள். குழம்பு இல்லை. உப்பைத் தூவி, வடித்த கஞ்சியையே கொஞ்சம் விட்டுப் பிசைந்து கொடுத்தாள். குழந்தை ஊதி ஊதிச் சாப்பிட்டது. தட்டு காலியானதும் நிமிர்ந்து, "இன்னும் போடலாமாம்மா?" என்று கேட்டது. அளந்து போடுகிற சத்துணவு வரிசையில் நின்று பழகிய குழந்தை, அம்மாவிடம் சோற்றுக்கு அனுமதி கேட்டது.

"போட்டுக்கோடி. நம்மளுதுதான்" என்றாள் அவள்.

அதிகாரி எழுந்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, என் அறிக்கையைச் சுவரில் வைத்து, "தனிச் சமையல், நேரில் கண்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. புகை என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்று பார்த்தால், அந்தப் பாழாய்ப்போன அடுப்பு அன்று துளிக்கூடப் புகையவில்லை.