கதிரேசு கொடுக்காத கத்தி

1. கத்திகள் விழுந்த காலை

அன்று காலை, காட்டுக்குள் நாங்கள் தங்கியிருந்த வாடிக்கு வேலை கேட்டு ஓர் ஆள் வந்து நின்றார். அவரைக் கண்டதும் என்னுடைய ஆட்கள் அத்தனை பேரும் கையிலிருந்த கத்தியை நிலத்தில் போட்டார்கள்.

ஐம்பதுகளின் கடைசி அது. நான் நில அளவை வேலையில் சேர்ந்து கொஞ்சக் காலம்தான் ஆகியிருந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த பெடியனுக்கு வன்னிக் காடு எங்கே தெரியும்? புளியங்குளத்துக்குக் கிழக்கே ஒரு குடியேற்றத் திட்டத்துக்காகக் காட்டை அளந்துகொண்டிருந்தோம். இப்போது பிள்ளைகள் ஒரு சின்னப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே அளந்துவிடுகிறார்கள். எங்களுக்குத் தியோடலைற்று என்ற அளவைக் கருவியில் கண் வைக்க வேண்டுமென்றால், முதலில் கண்ணுக்கு நேரே காடு திறக்க வேண்டும். ஆட்கள் வரிசையாகப் பற்றையை வெட்டிக்கொண்டு முன்னே போவார்கள். பின்னால் அளவைச் சங்கிலி போகும். கோடு வெட்டுதல் என்று அதைச் சொல்வோம். கத்தி இல்லாதவனுக்கு அந்த வேலையில் இடமில்லை.

"என்ன கூத்து இது? கத்தியை எடுங்கோ!" என்று கத்தினேன். அந்த வயதில் எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருந்தது.

ஆட்களுக்குத் தலைவரான சுப்பர் கங்காணி முன்னுக்கு வந்தார். "ஐயா, இவன் இராசையா. எங்கட கதிரேசுவின்ர கையை வெட்டினவன். மறியல் முடிஞ்சு, சிறையால இப்பதான் வந்திருக்கிறான். இவன் கத்தியோட பின்னால வர, நாங்கள் முன்னால குனிஞ்சு நிண்டு வெட்டவோ? எங்களுக்குப் பிடரியில கண் இல்லை ஐயா."

நான் திரும்பிக் கதிரேசுவைப் பார்த்தேன். அவர்தான் எங்கள் ஆயுதப் பெட்டிக்குப் பொறுப்பு. வலக்கையில் பெருவிரலும் பக்கத்தில் அரைவிரலும்தான் மிச்சம். காட்டு வேலையில் ஏதோ விபத்து என்று நான் நினைத்திருந்தேன். பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற பாலை மரத்தில் முதுகைச் சாய்த்தபடி அவர் நின்றார். முகத்தில் இரத்தம் இல்லை.

வாடியில் ஒரு சட்டம் இருந்தது. குடித்துவிட்டுச் சண்டை பிடிப்பார்கள் என்ற பயத்தில், வீட்டுக் கத்தி உள்ளே வரக்கூடாது. அரசாங்கக் கத்திகள் எல்லாம் பெட்டிக்குள் இருக்கும். காலையில் கதிரேசு பெட்டியைத் திறந்து அவற்றைச் சாக்கில் பரப்புவார், ஆட்கள் எடுப்பார்கள், பின்னேரம் அதே சாக்கில் திரும்ப வைப்பார்கள். கதிரேசு சாக்கில் வைக்காத கத்தி ஒருவர் கைக்கும் போகாது.

இராசையா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவருக்காகப் பேசியவர் கூட வந்திருந்த அவருடைய மனைவி பார்வதி. கதிரேசுவின் கூடப்பிறந்த தங்கை அவர்.

"ஐயா, அவருக்கு ஒரு கத்தி குடுங்கோ. ஊரில ஒருத்தரும் வேலை தருகினமில்லை. இஞ்சையும் இல்லையெண்டா நாங்கள் ஊரை விட்டுத்தான் போகவேணும். கண்காணாத இடத்தில பிள்ளையளையும் வைச்சுக்கொண்டு நான் என்ன செய்ய?"

கதிரேசு தங்கையின் பக்கம் திரும்பவே இல்லை.

என் கோஷ்டியில் இரண்டு பேர் காய்ச்சலில் படுத்திருந்தார்கள். ஐப்பசி மழைக்கு முன் கோடு முடிந்தாக வேண்டும். இராசையாவைப்போல் காடு வெட்ட அந்தப் பக்கத்தில் ஆளில்லை என்று கங்காணியே ஒத்துக்கொண்டார். ஆகவே, "கதிரேசு, அவருக்கும் ஒரு கத்தி வையும்" என்றேன்.

கதிரேசு இடுப்பிலிருந்த பெட்டிச் சாவியை இடக்கையால் அவிழ்த்து என் மேசையில் வைத்தார். "நீங்களே குடுங்கோ ஐயா. திறப்பும் உங்களிட்டையே இருக்கட்டும். நான் வீட்டை போறன்."

அவர் போனால் மற்றவர்களும் போவார்கள். திறப்பைத் திருப்பிக் கொடுத்தேன். இராசையாவைத் தண்ணீர் சுமக்க வைத்தேன். அதுவும் அதிக நாளைக்கு இல்லை. அடுத்த வாரம் வாடி கிழக்கே மாறும். அங்கே மாட்டு வண்டியில் தண்ணீர் வரும். அதற்குள் கதிரேசு கத்தி கொடுக்காவிட்டால், நான் இராசையாவை அனுப்பிவிட வேண்டியதுதான்.

2. என் பிரசங்கம்

நடந்ததைக் கங்காணி மத்தியானச் சாப்பாட்டின்போது சொன்னார். மச்சான்மார் இருவரும் முன்பு இணைபிரியாதவர்கள். ஒருநாள் இருவருமாகக் காட்டில் பன்றி அடித்தார்கள். அங்கேயே கள்ளும் குடித்தார்கள். பங்கு பிரிக்கும்போது வாய் தடித்தது. இராசையா கழுத்துக்கு வீசிய வெட்டைக் கதிரேசு கையால் தடுத்தார். வழக்கில் இராசையா வேறு கதை சொன்னார்: கதிரேசுதான் முதலில் கத்தியை ஓங்கினார், உயிர் தப்ப நான் வீசினேன் என்று. அதனால் தண்டனை குறைந்தது.

"உண்மை எது கங்காணியார்?"

"ஆருக்குத் தெரியும் ஐயா? காட்டுக்குள்ள அவை ரெண்டு பேரும்தானே. கதிரேசு பாவம்தான், இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா ரெண்டு கையும் தட்டினாத்தானே சத்தம் வரும்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் இதே கதைதான். ஆட்கள் கத்தி எடுத்து முடியும்வரை இராசையா கடைசியில் நிற்பார். அவருடைய முறை வரும்போது சாக்கு வெறுமையாக இருக்கும். கதிரேசு பெட்டியைப் பூட்டுவார். இராசையா தண்ணீர்த் தகரத்தைத் தூக்கிக்கொண்டு குளத்துக்குப் போவார். கரடி உலாவுகிற காடு. கத்தி இல்லாமல் அதற்குள் போகிறவனை வன்னியில் விசரன் என்பார்கள். "என்ன இராசையா, கரடிக்குத் தண்ணி வார்க்கப் போறியோ?" என்று ஆட்கள் நெளிப்பும் கேலியுமாகக் கதைத்தார்கள். அவர் திரும்பிப் பார்ப்பதில்லை.

இன்னொன்றையும் கண்டேன். இராசையா வாடியில் இருக்கும் நேரமெல்லாம் கதிரேசுவின் முதுகு அந்தப் பாலை மரத்திலேயே இருக்கும். சாப்பிடும்போதும் மரத்தை விடமாட்டார். ஒருமுறை இராசையா பின்பக்கத்தால் தகரத்தை இறக்கிய சத்தத்துக்கு, கதிரேசு சோற்றுக் கோப்பையைத் தட்டிவிட்டு எழுந்து ஓடினார். ஒருவரும் சிரிக்கவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. கதிரேசுவைக் கூப்பிட்டு இருத்தி ஒரு பிரசங்கம் வைத்தேன். பள்ளிக்கூடத்தில் படித்த நீதி வாக்கியம் ஒன்றையும் மிச்சம் விடவில்லை. "பழசை மறந்து மன்னிச்சு விடும். உமக்கும் நிம்மதி, தங்கச்சிக்கும் வாழ்வு" என்று முடித்தேன்.

அவர் நான் முடிக்கும்வரை பொறுமையாக இருந்தார். பிறகு வலக்கையை என் மேசையில் வைத்தார்.

"ஐயா, நான் இடக்கையால சாப்பிடுறனான். இடக்கையோட சபையில போய்க் குந்தேலாது. மறியலுக்கு அவன் போன நாளிலையிருந்து ஒரு கலியாண வீட்டில நான் கை நனைக்கேல்ல. அதுகூடப் பரவாயில்லை. ரெண்டு கையும் தட்டினாத்தான் சத்தம் எண்டு ஊரில சொல்லுறாங்கள். எனக்கு எங்கை ஐயா ரெண்டு கை?"

அவர் அதோடு நிறுத்தவில்லை.

"நான் கத்தியைத் தொடேல்ல. சத்தியம் பண்ணிச் சொன்னன், ஒருத்தரும் நம்பேல்ல. வெட்டினதுக்கு அவன் மறியலில இருந்திட்டான். பொய்க்கு நானல்லோ இருக்கிறன்? மன்னிப்பை நீங்கள் வந்து கேக்கிறியள். அவன் வாய் என்ன, ஊமையோ?"

3. நாலு பேருக்கு முன்னால்

இராசையாவைக் குளக்கட்டில் போய்க் கண்டேன். கதிரேசு கேட்பது வேறொன்றுமில்லை, நாலு பேருக்கு முன்னால் உண்மையைச் சொல்கிற ஒரு சொல் என்று சொன்னேன்.

"ஐயா, பொய் சொன்னனான் எண்டு சொன்னா என்னைத் திரும்பப் பிடிச்சு அடைப்பாங்களோ?"

"எனக்குத் தெரியாது இராசையா."

உண்மையிலேயே தெரியாது. தெரிந்ததுபோல் தைரியம் சொல்லி அவரை மாட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. அவர் தகரத்தை நிலத்தில் வைத்துவிட்டுக் குந்தினார். "என்னாலை ஏலாது. அந்த மறியலுக்குள்ள இனி ஒரு நாளும் என்னாலை ஏலாது."

குளத்தில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த பார்வதி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். ஈரக் கையோடு மேலே ஏறி வந்தார்.

"இஞ்சேருங்கோ. வந்த அண்டைக்கே என்னட்டை உண்மையைச் சொன்னனீங்கள். இவ்வளவு நாளும் அதை நான் வயித்துக்குள்ள வைச்சுக்கொண்டு திரியிறன். அண்ணையின்ர வாசலைத் தாண்டிப் போகேக்க என்ர கால் கூசுது. பயமெண்டா எனக்கும் பயம்தான். நீங்கள் திரும்பப் போனாலும் நான் பிள்ளையளைப் பாப்பன். சொல்லாமல் இருந்தீங்களெண்டா, ஊரை விட்டு நீங்கள் தனியத்தான் போவீங்கள்."

அழவில்லை. சொல்லிவிட்டு உடுப்புத் தோய்க்க இறங்கிப் போய்விட்டார். நானும் வந்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை. சாக்கு விரித்தாயிற்று. ஆட்கள் கத்தி எடுத்தார்கள். இராசையா கடைசியில் நின்றார். கதிரேசு பெட்டியைச் சாத்தக் குனிந்தபோது இராசையா வாய் திறந்தார்.

"மச்சான் கத்தி எடுக்கேல்ல."

எல்லாரும் நின்றார்கள். கதிரேசு குனிந்தபடியே, "சத்தமாச் சொல்லு. சுப்பர் கங்காணிக்குக் காது மந்தம்" என்றார்.

"மச்சான் கத்தி எடுக்கேல்ல! அவரின்ர கையில கள்ளுப் பிளாதான் இருந்தது. பிளாவை என்னட்டைத்தான் நீட்டினவர். நான்தான் வெட்டினனான். வழக்கில சொன்னது முழுப் பொய். வெட்டினதும் நான், பொய் சொன்னதும் நான்." நெஞ்சில் அடித்துக்கொண்டு மண்ணில் குந்திவிட்டார்.

கள் குடிக்கிற ஓலைப் பிளாவை நீட்டியவரின் கழுத்துக்கு வீசி, தடுத்த அந்தக் கையை வெட்டியிருக்கிறார். எனக்கு ஆத்திரமும் வந்தது, இரக்கமும் வந்தது; எது முதலில் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. சுப்பர் கங்காணி தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "ஐயோ கதிரேசு, நாங்களும் உன்னை நம்பேல்லையடா" என்றார்.

இனிக் கட்டிப் பிடித்து அழுவார்கள் என்று நான் நினைத்தேன். கதிரேசு பெட்டியைப் பூட்டினார். திறப்பை இடுப்பில் முடிந்தார். காட்டுப் பக்கமாக நடந்து போனார். அன்றைக்கும் இராசையா தகரத்தோடுதான் போனார்.

மறுநாள் எல்லாரும் எடுத்த பிறகு சாக்கில் ஒரு கத்தி மிச்சம் கிடந்தது.

"எடு" என்றார் கதிரேசு.

அன்று இராசையா காடு வெட்டிய வேகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஆனால் இராசையா வரிசைக்கு வெளியே, எல்லாருக்கும் முன்னால் நின்றுதான் வெட்டினார். தன் முதுகு மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று அவராகவே கேட்ட இடம் அது.

பின்னேரம் ஆட்கள் கத்திகளைச் சாக்கில் வைத்தார்கள். இராசையாவும் வைக்கக் குனிந்தார்.

"நிலத்தில வையாதை. கையில தா" என்றார் கதிரேசு.

ஆட்கள் திடுக்கிட்டுப் போனார்கள். எங்கள் சனங்கள் கத்தியைக் கைக்குக் கை கொடுப்பதில்லை. கொடுத்தால் பகை வரும் என்பார்கள். கங்காணி அதைத்தான் சொன்னார்: "வேண்டாம் கதிரேசு, பகையெல்லே வரும்."

"எங்களுக்குள்ள இனிப் புதுசா என்ன பகை வரக் கிடக்கு?"

சொல்லிக்கொண்டே கதிரேசு மரத்தை விட்டு வெளியே வந்தார். முற்றத்து நடுவில் நின்று வலக்கையை நீட்டினார். இராசையா கத்தியோடு ஒவ்வோர் அடியாகக் கிட்ட வந்தார். கை எட்டும் தூரம். கதிரேசுவின் கால்கள் நடுங்குவது வேட்டிக்கு மேலால் தெரிந்தது. ஆனால் அவர் பின்னால் போகவில்லை. நான் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னால் ஓடிப்போய்த் தடுக்க முடியாத தூரம் அது.

இராசையா கத்தியைத் திருப்பி, அலகைத் தன் கையில் பிடித்துக்கொண்டு பிடியை நீட்டினார். கதிரேசு பெருவிரலாலும் அரைவிரலாலும் அதைப் பற்றினார். பிடிப்புப் போதவில்லை, இடக்கையையும் கொடுத்து வாங்கினார். வாங்கியவர் கூர்ப் பக்கத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார்.

"மழுங்கிப் போச்சு. நாளைக்குத் தீட்டிப்போட்டுக் கொண்டு போ."

மழை தொடங்கி வாடி கலையும்வரை ஒவ்வொரு பின்னேரமும் அப்படித்தான் வாங்கினார். கால் நடுக்கம் உடனே நிற்கவில்லை; கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைந்தது. இருவரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டதை நான் காணவில்லை. வழக்கு என்று இராசையாவைத் தேடி ஒருவரும் வரவில்லை. இரண்டு கை, சத்தம் என்ற கதை மட்டும் அந்த ஊரில் நின்றுபோயிற்று.

ஆட்களை வைத்து வேலை வாங்கப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வெட்டுப்பட்டவனிடம் போய் "மன்னித்துவிடு" என்று மேசைக்குப் பின்னால் இருந்து சொல்லாதீர்கள். அவனிடமிருந்து எது போனது என்று முதலில் கேளுங்கள். கண்ணுக்குத் தெரிகிற விரல்களை மட்டும் பார்த்துவிட்டு நான் புத்தி சொல்லப் போனேன். கதிரேசு இராசையாவை மன்னித்தாரா என்று இப்போதும் சிலர் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. தன்னை வெட்டியவனைக் கத்தியைத் தீட்டிக்கொண்டு போகச் சொன்னார், பின்னேரம் அதைத் தன் கையில் கொண்டுவந்து தரச் சொன்னார். அதற்கு என்ன பெயர் என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.