பேத்தி கல்யாணத்தில் வராத குலவை

எனக்கு வயது எழுபத்தாறு. வளர்த்தது ஐந்து பேர். நாலு நான் பெற்றது, ஒன்று என் நாத்தனார் விட்டுப்போனது. ஐந்து பேர் கல்யாணத்திலும் தாலி ஏறும்போது குலவை போட்டது நான்தான். நாக்கைச் சுழற்றி ஒரே மூச்சில் இழுத்தால் மேளக்காரரே நிமிர்ந்து பார்ப்பார். பூன் லேயில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

நாலு வருடத்துக்கு முன்னால், தீபாவளிக்கு முதல் நாள், போய்ச் சேர்ந்த என் வீட்டுக்காரருக்குப் படையல். அடுப்பில் ஆட்டுக்கறி கொதித்தது. எங்கள் வீட்டில் சமையலறையை ஒட்டித்தான் கழிவறை. அதைக் கழுவாமல் இலை போட எனக்கு மனசு வரவில்லை. ஆசிட் ஊற்றித் தேய்த்தேன். கறை போகவில்லை என்று அதன் மேலேயே பிளீச்சையும் ஊற்றினேன். நாற்றம் படையல் சோற்றில் படக்கூடாதே என்று கதவைச் சாத்திக்கொண்டேன். மழைக்காகச் சன்னலை முன்பே மூடியிருந்தோம்.

தொண்டையில் மிளகாய் அரைத்துத் தேய்த்ததுபோல் எரிந்தது. மருமகள் கதவைத் தட்டினாள்.

"அத்தை, என்ன இப்படி இருமுறீங்க? வெளிய வாங்க!"

"இருடி, தண்ணி ஊத்திட்டு வர்றேன்."

ஊற்றி முடித்துத்தான் வந்தேன். ஆஸ்பத்திரிக்கும் படையல் முடிந்த பிறகுதான் போனேன். இரண்டும் கலந்தால் விஷப்புகை, நுரையீரல் புண்ணாகிவிட்டது என்றார் டாக்டர். அன்றிலிருந்து பையில் மூச்சு மருந்துப் பம்பு. மார்க்கெட்டுக்குப் போனால் பாதி வழியில் உட்கார்ந்துவிடுகிறேன்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் மூத்த பேத்திக்குக் கல்யாணம், சிராங்கூன் ரோட்டுக் கோயிலில். அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே காதில் சொல்லி வைத்திருந்தேன், உன் கல்யாணத்துக்கு அப்பத்தா குலவைதான் என்று.

"அத்தை, நீங்க முன்னாடி போட்ட குலவை என் போன்ல இருக்கு லா. அதையே போட்டுடலாம்," என்றாள் மருமகள்.

"நான் உசிரோட நிக்கிறப்ப போன் எதுக்குடி? அப்படியே என் போட்டோவையும் மாட்டி மாலையப் போட்டுடு."

அவள் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

கெட்டிமேளம் கொட்டியது. மூச்சை இழுத்தேன். ஓமப்புகை வேறு. குலவைக்குப் பதில் இருமல்தான் வந்தது. குனிந்து பையில் பம்பைத் தேடுகிறேன், அதற்குள் தாலி ஏறிவிட்டது. முடிச்சுப் போட்டதை நான் பார்க்கவே இல்லை. நிமிர்ந்தால், மணவறையில் இருந்து பேத்தி கூட்டத்துக்குள் என்னைத் தேடிக்கொண்டிருக்கிறாள். மருமகள் கையில் போன் தயாராக இருந்தது. நான் சொன்ன சொல்லுக்காக அவள் அதை அமுக்கவில்லை.

மூச்சு போனதுகூடப் போகட்டும். அன்றைக்கு வாயை அடக்கியிருந்தால் பிள்ளை குலவையைக் கேட்டுக்கொண்டே தாலி வாங்கியிருப்பாள்.

எனக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது அவள்தான், அந்தக் கல்யாணப் பெண்தான். கையில் மருதாணி இன்னும் முழுசாகப் போகவில்லை.

"எங்க ஆத்தா, முதல்ல இருந்து ஒரு தடவ வாசி. நான் இருமினா நிறுத்தாத."