கண் மூடாமல் முகம் கழுவியவன்

அருளப்பனுக்குத் துரோகம் செய்தவன் நான்தான். கடைக்குப் போய் வருவதாகச் சொல்லி, அவனை அறையில் படுக்கவைத்துவிட்டு வத்தலக்குண்டு சாலையில் நடந்துகொண்டிருந்தேன். உச்சி வெயில். செம்பட்டி தாண்டியதும் ஆள் நடமாட்டம் இல்லை. ஆனாலும் எனக்குப் பின்னால் ஒற்றைச் செருப்பு தேயும் சத்தம்... திரும்பினால் யாருமில்லை.

அது எனக்குப் பழகிய சத்தம்.

திண்டுக்கல்லில் ஒரு தோல் கிடங்கில் இருவரும் தோலுக்கு உப்புப் போட்டோம். ஒரே அறை. எட்டாம் வகுப்போடு வீட்டைவிட்டுக் கிளம்பிய நான் எந்த ஊரிலும் ஒரு வருடம் தங்கியதில்லை. பட்டினி கிடந்திருக்கிறேன், அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

அவன் வெளுக்கத் தொடங்கினான். முகம் மஞ்சள் பூத்தது. நாக்கு வழுவழுவென்று சிவந்தது. ஒரு செருப்பு கழன்று விழுந்தாலும் அவன் காலுக்குத் தெரியாது. மற்றதோடு நடந்துகொண்டே இருப்பான். நான் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடுவேன்.

ஆஸ்பத்திரியில் அவன் வெளியே பெஞ்சில் சாய்ந்திருந்தான். டாக்டரம்மா சீட்டை என் கையில் கொடுத்தார்.

“எம்புட்டுத் தின்னாலும் பி12 வைட்டமின் இவரு ரத்தத்துல சேராது. வயிறு அதை உறிஞ்சாது. ஊசிதான். முதல்ல ஒருநாள் விட்டு ஒருநாள், பெறகு மாசாமாசம், ஆயுசுக்கும். விட்டா நரம்பு போயிரும். நீங்கதானே கூட்டிட்டு வரணும்?”

ஆயுசுக்கும்! அவனுக்கு என்னைத் தவிர ஆளில்லை. அந்த ஊரில் என்னைக் கட்டிப்போட்டது போலிருந்தது. சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

“என்ன மாப்ள சொன்னாங்க?”

“ரத்தம் கம்மியாம். நல்லாத் திங்கச் சொன்னாங்க.”

ஆட்டு மண்ணீரலைச் சுவரொட்டி என்பார்கள். ரத்தம் ஊறும் என்று எல்லோரும் நம்புவது. எட்டு மாதம் அதை வாங்கி வந்து சுட்டுக் கொடுத்தேன். அக்கறையா அது? இல்லை... அவன் வாயை அடைக்கத்தான்.

“தின்னதெல்லாம் எங்கடா போகுது? எனக்குள்ள இன்னொருத்தன் உக்காந்து திங்கிறானோ?” என்று சிரித்தான்.

“அவனையும் உப்புப் போட வரச் சொல்லு” என்றேன்.

பிறகு அந்தப் பழக்கம் வந்தது. கண்ணை மூடினால் விழுந்துவிடுவான். “கண்ணை மூடினா தரை காணாமப் போயிருது மாப்ள.” அதனால் சோப்பு நுரை வழிய வழிய, இரண்டு கண்களையும் அகலத் திறந்து, என்னையே பார்த்தபடி முகம் கழுவுவான். கண்கள் ரத்தமாய்ச் சிவக்கும். நான் பார்வையைத் திருப்பிக்கொள்வேன். அவனுக்குத் தெரிந்திருந்ததா? இன்றும் எனக்குத் தெரியவில்லை.

நான் கிளம்பிய அன்று காலையில் அவனால் எழுந்து நிற்கவே முடியவில்லை.

“இன்னொருக்கா அந்த டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போறியா?”

போனால் என் பொய் அங்கேயே உடையும்.

“செத்த நேரம் படுத்திரு, கடைக்குப் போயிட்டு வாரேன்” என்றேன்.

மறுநாள் காலை, வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கறிக்கடையில் குடல் கழுவும் வேலை கிடைத்தது. முதல் ஆளாக ஒரு பெண் வந்தாள்.

“சுவரொட்டி இருக்காப்பு? எங்க வீட்டுக்காரருக்கு ரத்தமே இல்ல. காலு வேற மரத்துப்போகுதுங்கிறாரு.”

சீட்டு இன்னும் என் பையில்தான் இருந்தது. சொல்ல வாயெடுத்தேன். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால்?

“நல்லாத் திங்கச் சொல்லுங்கக்கா.”

அவள் போனதும் குழாயடிக்குப் போய் முகம் கழுவினேன். கண்களை மூட முடியவில்லை.