சந்தனம் வைத்த போர்டு

என் வீட்டுக்காரர் வாய்விட்டு ஒன்று கேட்கமாட்டார். துறைமுகத்துக்கு ட்ரெய்லர் ஓட்டிய மனுஷன். முதுகில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போய்விட்டது, அந்த வீம்பு மட்டும் போகவில்லை. காலையில் குளிர்கிறது என்று ஃபேனை நிறுத்தச் சொல்வார். நிறுத்திவிட்டு நான் வேலைக்குக் கிளம்பிவிடுவேன். வெயில் ஏறினால் தானாகப் போட்டுக்கொள்ள முடியாது. கட்டில் ஜன்னலோரம், சுவிட்ச் கதவோரம். பக்கத்து வீட்டு அக்காவை ஒரு குரல் கூப்பிட்டால் ஓடி வருவாள். கூப்பிட்டால்தானே!

ஒருநாள் சாயங்காலம் வந்து பார்க்கிறேன், போர்வை பிழியும் அளவுக்கு நனைந்திருக்கிறது. எனக்கு வந்ததே கோபம்.

"யோவ், ஒரு கொரல் குடுத்தா வாயில கீற முத்து உதுந்துடுமா?"

"எத்தினி வாட்டிமே கூப்புடுறது? அவங்களுக்கு வேற வேல இல்லியா?"

சமையல்கட்டுக்குள் போய் அழுதேன். பாவி மனுஷன், நாள் முழுக்க வேர்வையில் கிடந்திருக்கிறாரே.

அப்புறம் அவரே ஃபோனில் தேடிக் கண்டுபிடித்தார். கைக்குள் அடங்குகிற ஒரு கம்ப்யூட்டர் போர்டு, அதில் ஏற்றிக்கொள்ள ஓர் இலவச மென்பொருள். படுத்தபடி ஃபோனைத் தொட்டால் வீட்டு லைட், ஃபேன் எல்லாம் ஓடுமாம். "ரிமோட் ஃபேன் ஒண்ணு வாங்கிட்டா முடிஞ்சுதே" என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது. "ஃபேனு மட்டும் இல்லமே. வூட்ட நான் பாத்துக்கிறேன்னு இருக்கணும்" என்றார்.

ரிச்சி தெருவில் போர்டும் மெமரி கார்டும் வாங்கி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தோம். அவர் படித்துச் சொல்லச் சொல்ல, இரவல் லேப்டாப்பில் நான் மென்பொருளை கார்டில் ஏற்றினேன். கார்டைப் போர்டில் செருகி கரண்ட் கொடுத்தோம். ஃபோனில் 'தயாராகிறது, காத்திருக்கவும்' என்று வந்தது, வந்தது, அப்படியே நின்றது. எனக்குப் பொறுக்கவில்லை, பிடுங்கி மறுபடி செருகப் போனேன்.

"கைய எடுமே. ஹார்பர் கேட்டுல ராவும் பகலுமா லைன்ல நின்னவன் நானு. இது இன்னா பெரிய பேஜாரு?"

அவர் சொன்னதுதான் நடந்தது. டீ குடித்து முடிப்பதற்குள் பக்கம் திறந்தது. ஒவ்வொரு அறைக்கும் அவரே பெயர் கொடுத்து, ஒவ்வொரு பொத்தானாக வைத்தார். மத்தியானம் தெரிந்த எலக்ட்ரீஷியன் வந்து, வீட்டு ஓனருக்குப் பயந்து சுவரை உடைக்காமல், சுவிட்ச் பெட்டிக்குள்ளேயே இணைப்பு கொடுத்தார். போர்டைக் கழற்றி அதன் பக்கத்தில் வைக்க வேண்டியதுதான் பாக்கி.

"இரு, பூஜ போடாம எந்த வண்டியும் எடுத்ததில்ல" என்றார் இவர்.

சந்தனம் குழைத்துக் கொடுத்தேன். நல்ல நாளில் லாரிக்கு வைப்பதுபோலவே போர்டு நடுவில் அழுத்தி ஒரு பொட்டு, அதன் மேல் குங்குமம். நானும் பக்கத்தில் நின்று கும்பிட்டேன், எனக்குத்தான் அறிவு எங்கே போனது! ஈரம் காயும் முன்பே கரண்ட் கொடுத்தோம். தீய்ந்த வாடை வந்தது, போர்டு அணைந்தது. எலக்ட்ரீஷியன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"வண்டி நெத்திக்கு வெக்கிறத அதோட வயித்துல வெச்சிட்டியே, யோவ்!"

என் வாய் தவறி வந்துவிட்டது. வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. "எத தொட்டாலும் இப்பிடித்தான் ஆவுது" என்று சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாக்கை அறுத்துப் போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

அடுத்த ஞாயிறு வேறொரு போர்டு வாங்கி வந்தேன். பழைய மெமரி கார்டை அதில் செருகினேன். அவர் வைத்த பெயர், அவர் வைத்த பொத்தான் எல்லாம் அப்படியே வந்து நின்றன. "இன்னாய்யா, நீ செஞ்சதுக்கு ஒண்ணும் ஆவல பாத்தியா" என்று அவர் கன்னத்தைக் கிள்ளினேன். இந்தத் தடவை போர்டை மூடிய டப்பா மேல் பொட்டு வைத்தார், அதுவும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.

மறுநாள் ஆபீசில், என் ஃபோனிலும் ஏற்றி வைத்திருந்த அந்தப் பக்கத்தைப் பார்த்தால், அவர் அறை ஃபேன் ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. பயந்துபோய்க் கூப்பிட்டேன்.

"இன்னாச்சுய்யா?"

"ஒண்ணும் இல்லமே. நானே போட்டுப் போட்டுப் பாக்குறேன்."

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நேரே சமையல்கட்டுக்குப் போய் டீக்குப் பால் வைத்தேன். தலைக்கு மேல் ஃபேன் தானாகச் சுழலத் தொடங்கியது. கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"வேர்த்துனு வந்திருப்பியே, போட்டிருக்கேன். காத்து வருதா?"

அடிபட்ட நாளிலிருந்து எல்லாம் நான்தான் அவருக்குச் செய்துகொண்டிருந்தேன். அந்தக் காற்றில் அடுப்பு அணைந்துவிட்டது. மறுபடி பற்றவைத்தேன், மறுபடி அணைந்தது.

"சூப்பரா வருதுய்யா" என்று கத்திச் சொல்லிவிட்டு, கேஸை மூடி, ஃபேனுக்கு அடியில் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.