மேற்பார்வையாளருக்குப் போட்ட வேலை

மருத்துவமனையின் துணி வெளுக்கும் கூடத்தில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பட்டப்பெயர். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வாயைத் திறக்கமாட்டாள், கண்ணை மூடமாட்டாள். ஏழு வருஷமாக ஈரப் பகுதியில் வேலை. இயந்திரத்திலிருந்து நனைந்த விரிப்புகளை இழுத்து இழுத்துத் தள்ளுவண்டியில் போட்டதில் விரல் கணுவெல்லாம் வெடித்திருந்தது. எலுமிச்சம்பழம் பிழிந்தால் உயிர் போய் உயிர் வரும்.

கூடத்தின் மறுகோடியில், ஜன்னலோரமாக, சோதனை மேசை. காய்ந்து வரும் விரிப்பை வெளிச்சத்தில் விரித்துக் கறையும் கிழிசலும் பார்க்கிற இடம். அங்கே இருந்தவர் ஓய்வு பெற்றுவிட்டார். புது ஆள் யார் என்று வெள்ளிக்கிழமை சொல்வதாக மேற்பார்வையாளர் அறிவித்திருந்தார். ஐந்து பேர் போய்க் கேட்டுவிட்டு வந்தார்கள். அவளும் இரண்டு தடவை அவர் அறை வாசல்வரை போனாள். தண்ணீர் குடிக்க வந்தவள் மாதிரித் திரும்பிவிட்டாள்.

வெளியே சொல்லாததையெல்லாம் அவள் செல்பேசியில் ஒரு விளையாட்டுக்குள் வைத்திருந்தாள். மனிதர்களைச் செய்து, வீட்டில் குடிவைத்து, வேலைக்கு அனுப்புகிற விளையாட்டு. அவளுடைய தங்கை அதில் நீச்சல்குளத்தோடு மாளிகை கட்டுவாள். இவளோ கூடத்து ஆட்களையே மூக்கும் முழியுமாகச் செய்து வைத்திருந்தாள். வேலைப் பட்டியலைத் திறந்தால் சட்டென்று எதையும் தொடமாட்டாள். ஆளை ஒரு வாரம் பார்த்துவிட்டுத்தான் வேலை போடுவாள்.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில், துணி மடிக்கும் பகுதி அக்கா பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டாள்.

“அடியே, இது நான்தானே? இந்த மூக்கு வேற யாருக்கு இருக்கு? என்னை எதுக்குடி தீயணைப்பு உடுப்புல நிக்க வெச்சிருக்க?”

“நீராவிக் குழாய் வெடிச்சப்ப நாங்க எல்லாரும் வெளிய ஓடினோம். நீங்க மட்டும் உள்ள ஓடினீங்கக்கா.”

“என் பையை எடுக்கத்தாண்டி ஓடினேன்!”

“வால்வை மூடிட்டுத்தானே பையை எடுத்தீங்க.”

அக்காவுக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. கூடத்தில் அது நடக்காத காரியம். என்ன ஏது என்று ஆட்கள் கூடிவிட்டார்கள்.

“எனக்கென்னம்மா போட்ட?” என்றார் வண்டி தள்ளும் பெரியவர்.

“பாடகர் வேலைண்ணே.”

“நான் எப்ப பாடினேன்?”

“லிஃப்ட்டுல தனியா போறப்ப.”

கூடமே சிரித்தது. பெரியவர் காதுவரை சிவந்து தட்டை எடுத்துக்கொண்டார். அப்போதுதான், “எனக்கு?” என்று பின்னால் ஒரு குரல். மேற்பார்வையாளர்.

அக்கா செல்பேசியைப் பார்த்தாள். “ஐயோ” என்று நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

ஊமைக்கோட்டானுக்குப் பொய் சொல்ல வராது. மேசை கைநழுவிப் போனது என்றே நினைத்தாள். “திருட்டு சார். அந்தப் பட்டியல்ல அப்படியும் ஒரு வேலை இருக்கு.”

மேற்பார்வையாளர் இன்னும் கிட்டே வந்தார்.

“எனக்கு எதுக்கு அது?”

“யாருக்காவது உடம்பு முடியலைன்னா அவங்க வண்டியை நீங்க சத்தமில்லாம தள்ளிட்டுப் போயிடறீங்க. கேட்டா தெரியாதுன்னு சொல்றீங்க. யாருக்கும் தெரியாம செய்யறதுல உங்களுக்கு ஒரு சந்தோஷம் சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மாட்டிக்கிட்டேனா?”

“இல்ல சார். மூணு பதவி உயர்வு வந்திருக்கு.”

முதலில் சிரித்தது அவர்தான். சிரித்து முடித்து, “இத்தனை பேருக்கு வேலை போட்டிருக்கியே, சோதனை மேசைக்கு யாரைப் போடலாம்? நீயே சொல்லு” என்றார்.

அந்த மேசையைக் கேட்டிருந்த ஐந்து பேரும் அங்கேயே இருந்தார்கள். அக்காவும் அவர்களில் ஒருத்தி. அக்கா பேர் சொன்னால் யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது. ஆனால் பேச்சுத் துணையில்லாத அந்த மூலையில் அக்காவால் அரைமணி நேரம் தாக்குப்பிடிக்க முடியாது என்பதும் அவளுக்குத் தெரியும். கணு எரிந்தது.

“என்னைப் போடுங்க சார்.”

“என்ன?”

“என்னை.” இந்தத் தடவை கடைசி இயந்திரம்வரை கேட்டது.

“காரணம்?”

“உங்க கோட்டுல இடது கைமடிப்புக்கு உள்பக்கம் நீல மை இருக்கு சார். திங்கக்கிழமையிலேருந்து.”

மடிப்பைத் திருப்பிப் பார்த்தார். இருந்தது. “நாலு நாளா பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லலையே?”

“கறை சொல்ற இடத்துல நான் இல்லையே சார்.”

“ஊமைன்னு நெனச்சோம், வாய்க்குள்ள கத்திரிக்கோலே வெச்சிருக்கா பாரு!” என்றாள் அக்கா.

வெள்ளிக்கிழமை அறிவிப்புப் பலகையில், சோதனை மேசைக்கு நேரே அவளுடைய பணியாளர் எண் இருந்தது. அக்கா அன்று மட்டும் கொஞ்சம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை முதல் விரிப்பை மேசைமேல் போட்டாள். உலர்ந்து, இளஞ்சூடாக இருந்தது. இரண்டு கைகளையும் அதன்மேல் சற்று நேரம் வைத்திருந்தாள். பிறகு விளக்கைப் போட்டாள். ஓரத் தையலுக்குப் பக்கத்தில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு கிழிசல்.

“இது வார்டுக்குப் போகாது” என்று மடிக்கும் பகுதிக்குக் கேட்கும்படி சொன்னாள்.