காய்ந்து கிடந்த தரை

தம்பிக்குப் பேக்கரியில் மாஸ்டர் என்று பெயர். அவன் சுட்ட பன் பஞ்சு போலிருக்கும் என்று அக்கா கேட்டவர்களிடமெல்லாம் சொல்வாள், கேட்காதவர்களிடமும் சொல்வாள். அம்மா போனபின் அவனை ஆளாக்கியவள் அவள்தானே.

வீட்டில் மூன்றாவது ஆள் கிழவி. பாதிப் பல் உதிர்ந்த பெட்டை நாய். வயதாகிவிட்டதால் மூத்திரத்தை அடக்க முடியாது. விடிந்தால் சமையலறை வாசலில் குளம் கட்டியிருக்கும். அக்கா துணியும் வாளியுமாகக் குனிவாள். "உன்னைக் கட்டி மேய்க்கிறதுக்கு நாலு பிள்ளை பெத்திருக்கலாம்டி!"

ஒருநாள் திராட்சை பன் ஒரு தட்டு அடிப்பிடித்துவிட்டது. தூக்கிப் போடு என்றார் முதலாளி. தம்பிக்கு மனம் வரவில்லை. கருகலைச் சீவிவிட்டு மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தான். சோற்றை முகர்ந்துவிட்டுப் போகும் கிழவி, பன்னை அள்ளி விழுங்கியது.

"பாத்தியாக்கா? உன் சமையலோட லட்சணம் நாய்க்கே தெரிஞ்சிருக்கு."

"போடா! அவளுக்கும் மாஸ்டர் கைப்பக்குவம் கேக்குது."

மறுநாள் கிழவி வாந்தி எடுத்தது. ஊறி உப்பிய திராட்சைகள் முழுசாகக் கிடந்தன. பறக்காவெட்டி மாதிரி அவசரமாகத் தின்றால் இப்படித்தான் என்று அக்கா அள்ளிப் போட்டாள். கிழவி மடமடவென்று தண்ணீர் குடித்துவிட்டுச் சுருண்டு படுத்தது.

அடுத்த காலை தரை காய்ந்திருந்தது. அக்கா நம்பாமல் கால் விரலால் தேய்த்துப் பார்த்தாள். "கடைசியில திருந்திட்டியேடி என் ராசாத்தி!" பரிசாக, மிச்சமிருந்த பன்னைப் பாலில் ஊறவைத்து நீட்டினாள். கிழவி முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதற்கு மறுநாளும் ஈரமில்லை. ஆனால் கிழவியின் உடம்பு நடுங்கியது, வாய் நாறியது. தம்பி அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான், அக்காவும் பின்னாலேயே ஓடினாள்.

"கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போச்சு?" என்றார் கால்நடை மருத்துவர்.

"இப்பல்லாம் வீட்டை அசிங்கம் பண்றதே இல்லைங்க" என்றாள் அக்கா, பெருமையாகவே.

மருத்துவரின் கை நின்றது. என்ன தின்றது என்று கேட்டார். தம்பி சொன்னான்.

"திராட்சை நாய்க்கு விஷம்ப்பா. காஞ்சதும் சரி, பச்சையும் சரி. சில நாய்க்குக் கொஞ்சம் போதும், சிறுநீரகம் கெட்டு ஒண்ணுக்கே நின்னுடும். வாந்தியில பாத்த அன்னைக்கே வந்திருந்தா..."

ஊசி போட்டார், மருந்து ஏற்றினார். கிழவி, தம்பியின் மாவு மணக்கும் சட்டைக்குள் மூக்கைப் புதைத்தபடி உயிரை விட்டது.

"என் கையாலதானேக்கா குடுத்தேன்" என்றான் தம்பி, வீடு திரும்பும் வழியெல்லாம். தரை காய்ந்ததற்குப் பரிசென்று பன்னை நீட்டிய தன் கையையே பார்த்தபடி நடந்தாள் அக்கா.

இப்போது அக்கா பன்னைப் பற்றிப் பேசுவதில்லை. தெருவில் யார் நாயோடு போனாலும் நிறுத்துகிறாள். கேட்டாலும் சொல்கிறாள், கேட்காவிட்டாலும் சொல்கிறாள்.

"திராட்சை குடுத்துடாதீங்க. தெரியாம தின்னுட்டா, வாந்தி வர்ற வரைக்கும் காத்திருக்காம டாக்டர்கிட்ட ஓடுங்க. தரை காய்ஞ்சிருக்கேன்னு மட்டும் சந்தோஷப்படாதீங்கம்மா."