முற்றத்தில் இருந்த பகல்

இருபத்திரண்டு வயதில் எனக்கு அரசாங்க மருத்துவிச்சி வேலை கிடைத்தது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் படிப்பு முடிந்ததும் ஒரு தோல் பையைக் கையில் தந்து, படுவான்கரையில் ஓர் ஊருக்குப் போகச் சொன்னார்கள். நான் வாவிக்குக் கிழக்கே, கடலோரத்துச் செட்டிபாளையத்தில் பிறந்தவள். அந்த ஊர் மேற்கே, வயல்களுக்கு நடுவில். தோணியில் கடந்தால் அரை மணி நேரம்தான். துறையில் நின்று பார்த்தால் எங்கள் கரைத் தென்னைகள் தெரியும்.

அப்பா இறந்த பிறகு வீட்டுக்குப் பெரியவர் அண்ணன்தான். பிறர் வீட்டில் பேறு பார்க்கும் வேலையை எங்கள் பக்கத்தில் எந்தச் சாதியார் செய்வார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அரசாங்க வேலை என்றாலும் அந்தப் பார்வை மாறவில்லை. புறப்பட்ட நாள் அண்ணன் என் பெட்டியைத் தோணியில் ஏற்றிவிட்டுச் சொன்னார்:

"வீட்டுக்கு வராத எண்டு நான் சொல்லல்ல. ஆனா அடிக்கடி வராத. உனக்குப் பின்னால தங்கச்சிமார் ரெண்டு குமர் கலியாணத்துக்கு இரிக்கு."

"ஓம் அண்ணன்" என்றேன்.

தோணி நடு வாவிக்கு வந்த பிறகுதான் அழுதேன். தோணிக்காரர் வேறு பக்கம் பார்த்தபடி கம்பை ஊன்றிக்கொண்டிருந்தார்.

ஊரின் எல்லையில் ஒரு மண்சுவர் வீடு எனக்குக் கிடைத்தது. காலையில் குடையும் பையுமாகப் புறப்பட்டு, பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீடுகளைத் தேடிப் போவேன். வேலிக்குள் நுழையும் கடப்பிலேயே யாராவது வந்து நின்றுகொள்வார்கள். "இப்ப வேணாம், மறுகா வாங்க மிஸி" என்பார்கள். மிஸி என்றால் அரசாங்க மருத்துவிச்சி. மரியாதையாகத்தான் சொல்வார்கள். அந்த ஊருக்கென்று ஒரு மருத்துவிச்சி இருந்தார். ஊரில் பாதிப் பேர் அவர் கையில் பிறந்தவர்கள். அவர் என்னைப் பற்றி ஒரு குறையும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் அவருக்கு இருக்கவில்லை.

இப்படியே மூன்று மாதம் போனது. ஒருநாள் பொழுதுபடும் நேரம், காலையிலிருந்து நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பது திடீரென்று உறைத்தது. பையைத் திறந்து, மருந்துப் போத்தல்களில் ஒட்டியிருந்த பெயர்களைச் சத்தமாக வாசித்தேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது.

நான்காம் மாதத்தில் ஒரு வீட்டில் என்னை உட்காரச் சொல்லிப் பாய் விரித்தார்கள். தலைப்பிள்ளை சுமந்திருந்த சின்னப் பெண் அவள். பதினெட்டு வயதிருக்கும். மாமியார் எனக்குத் தேத்தண்ணியும் பனங்கட்டித் துண்டும் தந்தார். அந்தப் பெண் என் பையில் இருக்கும் ஒவ்வொன்றையும் எடுத்து, இது எதற்கு, அது எதற்கு என்று கேட்பாள். தொப்புள்கொடியைப் பிடிக்கும் குறட்டைக் காட்டியதும் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். வாரத்துக்கு ஒரு தரம் போக வேண்டிய வீட்டுக்கு இரண்டு தரம் போகத் தொடங்கினேன்.

அவளுடைய எட்டாம் மாதத்தில் ஒருநாள் போனபோது காலில் வீக்கம். கைவிரல் மோதிரம் சதையில் புதைந்திருந்தது. முகமும் ஊதியிருந்தது. தலையிடிக்கிறது என்றாள். என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். சிறுநீரை எடுத்து ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சிப் பார்க்க வேண்டும். வெள்ளையாகத் திரைந்தால் வலிப்பு வரலாம், ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

"மாமி, இவவின்ட மூத்திரம் கொஞ்சம் எடுத்துத் தந்தா நான் காய்ச்சிப் பார்ப்பன். ஆஸ்பத்திரிக்கும் ஒருக்காக் கூட்டிப் போனா நல்லம்."

மாமியாரின் முகம் சுருங்கியது. "இதென்ன மிஸி அரியண்டம், சீ? புள்ளத்தாச்சிக்குக் கால் வீங்காதா? நானும் ஆறு பெத்தவள்தான்."

நான் அத்துடன் விட்டுவிட்டேன். உப்பைக் குறைக்கச் சொன்னேன். வேறு கதை பேசினேன். அந்த ஊரில் எனக்கென்று விரிந்த ஒரே பாய் அது. அதை இழக்க மனம் வரவில்லை.

பத்து நாள் இருக்கும். காலையில் அவள் புருசன் ஓடி வந்தான். நான் போனபோது அவளுக்கு வலிப்பு வந்து நாக்குக் கடிபட்டிருந்தது. ஊர் மருத்துவிச்சி அவள் தலையை மடியில் வைத்திருந்தார். கரண்டிக் காம்பில் துணி சுற்றிப் பற்களுக்கு இடையில் வைத்தேன். வண்டி கட்டச் சொன்னேன். துறைக்குப் போகும் வழியிலேயே, வண்டியில், என் கை அவள் நெஞ்சின் மேல் இருக்கும்போது உயிர் போனது. பிள்ளையும் வயிற்றோடு போனது.

என் பையிலிருந்த மருந்துதான் அவளைக் கொன்றது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. கடப்புகளை அடைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். நான் செய்யாத ஒன்றுக்காக என்னைக் குற்றம் சொன்னார்கள். செய்யாமல் விட்டது எது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அதைச் சொல்லி அழ ஓர் ஆள் இருந்திருந்தால் போதும் போல இருந்தது.

வேலையை விடுகிறேன் என்று பெரிய டொக்குத்தருக்குக் கடிதம் எழுதினேன். ஆனால் மாரி வெள்ளம் ஏறித் தோணி ஓடவில்லை. கடிதம் பெட்டிக்குள் கிடந்தது. இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். கூரையில் மழை விழுந்துகொண்டே இருந்தது. கண்ணை மூடினால் வண்டி, திறந்தால் சுவர். மூன்றாம் நாள் சேலையைக் கட்டிக்கொண்டு வெளியே இறங்கினேன். அதைத் துணிவு என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்குள் இருப்பதைவிட வெளியில் ஏச்சு வாங்குவது லேசாகத் தெரிந்தது.

அன்றிலிருந்து எந்த வீட்டுக் கடப்பில் நின்றாலும் முதல் வார்த்தையாகச் சிறுநீரைத்தான் கேட்டேன். சிலர் சிரித்தார்கள். சிலர் துப்பினார்கள். ஒரு வாரத்துக்குள் எனக்கு "மூத்திர மிஸி" என்று பெயர் விழுந்துவிட்டது. குளத்தில் குளிக்கும் பெண்கள் எனக்குக் கேட்கவே சொல்வார்கள். முதலில் வீட்டுக்கு வந்து அழுதேன். பிறகு அழாமல் சோறு சமைத்தேன். பிறகு அந்தப் பெயர் காதில் விழுந்தாலும் நடை குறையாமல் போகப் பழகினேன். அந்தப் பழக்கம் வர எத்தனை நாள் ஆனது என்று எனக்கே தெரியாது.

வெள்ளம் வடிந்து தோணி ஓடத் தொடங்கிய நாள், கடிதத்தோடு துறைக்குப் போனேன்.

"கடிதம் ஏதும் இரிக்கா மிஸி?" என்று தோணிக்காரர் கேட்டார்.

அக்கரைத் தென்னைகளைப் பார்த்தேன். அங்கே போய் எந்த வீட்டில் இறங்குவது?

"இல்ல" என்றேன்.

நெல் வெட்டுக் காலம் வந்தது. வயல் வட்டை ஓரத்தில் தனியாக இருந்த ஒரு குடிசையில் மூன்றாம் பிள்ளை சுமந்திருந்த ஒருத்தி, கேட்டதும் மறுக்காமல் ஒரு சிரட்டையில் சிறுநீரைக் கொண்டுவந்து தந்தாள். அவள் முகமும் ஊதித்தான் இருந்தது. குழாயில் ஊற்றி விளக்கில் பிடித்தேன். முட்டை வெள்ளைக்கரு போலத் திரைந்தது.

புருசன் அரிவாளோடு வயலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். "இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்" என்றேன்.

"வெட்டு நாள் மிஸி. நாலு நாள் போகட்டும்."

"நாலு நாள் பொறுக்க ஏலா."

அவன் அரிவாளைத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குள் இறங்கிவிட்டான். நான் அவர்கள் முற்றத்தில் குடையை விரித்து உட்கார்ந்தேன். அவளைக் கொண்டு போகும்வரை எழும்ப மாட்டேன் என்று அவள் தாயிடம் சொன்னேன். அந்தத் தாய் ஏசினார். "ஒருத்தியத் திண்டது காணாதா உனக்கு? இரி. வெயில்ல காய்ஞ்சு கருவாடாப் போ."

குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். வெயில் ஏறியது. குடை நிழல் காலடிக்குள் சுருங்கியது. தொண்டை வறண்டு, கால் மரத்துப் போனது. இவளுக்கு ஒன்றும் ஆகாவிட்டால் ஊர் சிரிக்கும், பிறகு எந்த வீட்டிலும் என்னை ஏற்கமாட்டார்கள் என்று நினைத்தேன். சிரிக்கட்டும் என்றும் நினைத்தேன். எழும்பிப் போக வேண்டும் என்று நூறு தரமாவது தோன்றியிருக்கும். ஒவ்வொரு தரமும், இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று சொல்லிக்கொண்டேன். அதற்கு மேல் பெரிதாக எந்த உறுதியும் என்னிடம் இருக்கவில்லை.

பின்னேரம் ஆகும்போது அவளே செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். வீங்கிய காலை எடுத்து எடுத்து வைத்து வந்தாள். என் பக்கத்தில் வந்ததும் நின்று கண்ணைக் கசக்கினாள்.

"மிஸி, நீங்க ரெண்டு பேரா இரிக்கிற மாதிரித் தெரியுது."

அதைக் கேட்டதும் அவள் தாய் பேச்சை நிறுத்தினார். என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மருமகனைக் கூட்டி வர வயலை நோக்கி ஓடினார்.

துறைவரை வண்டியில் போய், அங்கிருந்து தோணியிலேயே வாவி வழியாகப் பட்டணத்துக்குக் கொண்டுபோனோம். வழி நெடுக அவள் தலை என் மடியில் இருந்தது. விளக்கு வைக்கும் நேரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வலிப்பு வரவில்லை. நாலாம் நாள் பிள்ளை பிறந்தது, ஒரு முழம் தேறாத அளவில், அழுதுகொண்டு. தாயும் தப்பினாள்.

களுதாவளைப் பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டதால்தான் இருவரும் பிழைத்தார்கள் என்று புருசன் வார்ட்டில் எல்லோரிடமும் சொன்னான். எனக்கு நோகவில்லை என்று சொன்னால் பொய். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். ஏறினால் மத்தியானத்துக்குள் அண்ணன் வீட்டுக்குப் போய்விடலாம். பஸ் வந்தது. ஆட்கள் ஏறினார்கள். நான் ஏறவில்லை. தோணித் துறைக்கு நடந்தேன்.

அடுத்த நாள் காலையில், இறந்துபோன அந்தச் சின்னப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். மாமியார் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார்.

"மாமி, அண்டைக்கு நீங்க வேணாம் எண்டாலும் நான் விடாமக் கேட்டிருக்கணும். கேக்காம விட்டது என்ட பிழை."

அவர் விளக்குமாற்றைத் தரையில் தட்டிச் சேர்த்துக்கொண்டார்.

"போங்க மிஸி. வெயில் ஏறுது" என்றார்.

போனேன்.

பதினொரு வருசம் அந்த ஊரில் இருந்தேன். தங்கைகள் இரண்டு பேருக்கும் கலியாணம் நடந்தது. எனக்கு யாரும் பேசி வரவில்லை. மெல்ல மெல்ல என்னைக் கூப்பிட்டார்கள். சில வீடுகள் கடைசிவரை கூப்பிடவில்லை. "உங்கட மனசு கல்லு மிஸி" என்று ஒருத்தி மெச்சிச் சொன்னாள். அவள் சொன்னது சரியல்ல. கடைசி வருசத்திலும், பழகாத ஒரு வீட்டின் கடப்பில் நின்று கேட்க வேண்டியதைக் கேட்கும்போது என் குரல் நடுங்கும். நடுங்கட்டும் என்று விட்டுவிட்டுக் கேட்பேன்.